பார்த்ததை எழுதி வைப்போம்

 

இன்றைய பேச்சு கடலாமையைப் பற்றியது. கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பற்றியது. ஆமைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கேளுங்கள்.

வட அந்தமானில் டிக்லிபூருக்குப் பக்கத்தில் காளிப்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நீண்ட மணற்கரை உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் அந்த மணலில் நடந்தால் சில நாட்களில் ஒரு தடம் தெரியும். டிராக்டர் சக்கரம் ஏறிப் போன மாதிரி இருக்கும். கடலிலிருந்து மேலே வரும். ஓரிடத்தில் மணல் கலைந்து கிடக்கும். மறுபடியும் கடலுக்கே இறங்கிப் போகும்.

அது இரவில் முட்டையிட வந்த தாய் ஆமையின் தடம். கரையோரம் வாழும் எல்லோருக்கும் இது தெரியும். மீன் பிடிக்கப் போகிறவர் பார்க்கிறார். விறகு பொறுக்கப் போகிற அம்மா பார்க்கிறார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பார்க்கிறது. பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த அலையோ, அடுத்த மழையோ அந்தத் தடத்தை அழித்துவிடுகிறது.

அழிவதற்கு முன் ஒருவர் அதை எழுதி வைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

விஞ்ஞானி என்பவர் யார்?

விஞ்ஞானி என்றால் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், பெரிய பட்டம் என்று நினைக்கிறோம். அப்படிப்பட்டவர்களும் வேண்டும். ஆனால் கடல் பெரியது. தீவுகளோ ஐந்நூறுக்கும் மேல். ஒரு விஞ்ஞானி எத்தனை கரையில் நிற்க முடியும்? எத்தனை இரவு விழித்திருக்க முடியும்?

கரையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பிழைப்பவர்கள். எந்த மாதத்தில் எந்தக் காற்று அடிக்கும், எந்தப் பாறையில் எந்த மீன் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பார்ப்பதை முறையாகக் குறித்து வைத்தால் அதுவும் அறிவியல்தான். பொதுமக்கள் இப்படிப் பங்கெடுத்துச் செய்யும் ஆராய்ச்சியை மக்கள் அறிவியல் என்று சொல்கிறார்கள்.

பட்டம் முடிக்காத ஆமை மனிதர்

சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர் இருந்தார். 1946இல் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். படிப்பில் மனம் ஒட்டவில்லை. கடல்தான் அவரை இழுத்தது. பட்டம் முடிக்காமலே வெளியே வந்தார்.

1970களின் கடைசியில் அவர் ஆமைகளைத் தேடி நடக்கத் தொடங்கினார். இந்தியாவில் எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று அப்போது யாருக்கும் முழுதாகத் தெரியாது. அவர் தோளில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு, இவற்றோடு நடந்தார். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்கரையை அவர் கால்நடையாகவே பார்த்தார் என்று சொல்கிறார்கள். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் பலமுறை வந்தார். முதலை இருக்கும் ஓடைகளையும் கடந்து போனார். எந்தத் தீவில் எத்தனை தடம், எத்தனை குழி என்று எழுதினார்.

1982இல் லட்சத்தீவில் சுஹேலி என்னும் ஆளில்லாத தீவில் மழைக்காலம் முழுவதும் அவர் தனியாகத் தங்கினார். படகு கிடையாது. தபால் கிடையாது. மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். மூன்று வாரத்துக்கு மேல் கழித்து அந்தப் பாட்டில் இலங்கைக் கரையில் ஒதுங்கியது. அதை எடுத்தவர் ஒரு மீனவர். முன்பின் தெரியாத ஒருவரின் கடிதம்தானே என்று அவர் தூக்கிப் போடவில்லை. முகவரியைப் பார்த்துத் தபாலில் அனுப்பினார். கடிதம் மனைவியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மீனவர் செய்ததை நினைத்துப் பாருங்கள். கண்ணில் பட்டதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தார். மக்கள் அறிவியலும் இவ்வளவுதான்.

சதீஷ் பாஸ்கர் 2023இல் காலமானார். அவர் எழுதிய குறிப்புகளை ஆமை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

நான்கு ஆமைகள்

நம் தீவுகளில் நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன.

ஒன்று, பங்குனி ஆமை. சிறியது. சென்னைக் கரைக்கும் ஒடிசாக் கரைக்கும் அதிகமாக வருவது இதுதான். ரங்கத்துக்குப் பக்கத்தில் கத்பர்ட் பே கரையில் நிறைய வரும்.

இரண்டு, பேராமை. கடல் புல் தின்பது.

மூன்று, அழுங்காமை. கிளி மூக்கு மாதிரி வளைந்த வாய் இருக்கும். இதன் ஓட்டுக்காக முன்பு இதை நிறையக் கொன்றார்கள்.

நான்கு, ஏழுவரி ஆமை. தோணி ஆமை என்றும் சொல்வார்கள். உலகத்திலேயே பெரிய ஆமை இதுதான். முந்நூறு, நானூறு கிலோ எடை சாதாரணம். இதற்குக் கெட்டியான ஓடு கிடையாது. தோல் போர்த்திய முதுகில் ஏழு வரிகள் நீளமாக ஓடும். இது சொறி மீனைத் தின்று வாழ்கிறது. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பையைச் சொறி என்று நினைத்து விழுங்கிச் சாவதும் உண்டு.

ஆமையை நேரில் பார்க்காமலே, தடத்தைப் பார்த்து வகையைச் சொல்லலாம். ஏழுவரி ஆமையும் பேராமையும் முன் துடுப்பு இரண்டையும் ஒரே சமயத்தில் ஊன்றி நகரும். அதனால் தடத்தின் இரண்டு பக்கமும் குறி நேருக்கு நேராக இருக்கும். பங்குனி ஆமையும் அழுங்காமையும் ஒன்று மாற்றி ஒன்று ஊன்றி நகரும். குறி முன்னும் பின்னுமாக விழும். அகலத்தையும் பார்க்க வேண்டும். பங்குனி ஆமையின் தடம் முக்கால் மீட்டர் அளவு இருக்கும். பேராமையின் தடம் ஒரு மீட்டர் அல்லது சற்று அதிகம். ஏழுவரி ஆமையின் தடம் ஒன்றரை மீட்டருக்கும் மேல் போகும்.

ஒரு கயிறும் இரண்டு கண்ணும் இருந்தால் இந்த அளவை யாரும் எடுக்கலாம்.

கலாத்தியா கரையில் நடந்தது

கிரேட் நிக்கோபார் தீவின் தென்பகுதியில் கலாத்தியா என்ற ஆறு கடலில் கலக்கிறது. அங்கே உள்ள விரிகுடாக் கரைக்கு ஏழுவரி ஆமைகள் நூற்றுக்கணக்கில் வந்து குழி பறித்தன. 1997இல் அந்த இடம் சரணாலயம் ஆனது.

அந்தமானில் வண்டூரில் 1990இல் ஆனெட் என்ற ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழு என்பது அதன் முழுப் பெயர். ஆராய்ச்சியாளர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். ஆனால் காட்டிலும் கரையிலும் அவர்களுக்கு வழி காட்டியவர்கள் கரேன் மக்கள். 1925இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பக்கம் வந்து வெபி போன்ற ஊர்களில் குடியேறியவர்கள் இவர்கள். காட்டையும் கடலையும் நன்கு அறிந்தவர்கள். பலர் அதிகம் படித்தவர்கள் அல்ல. ஆமைக் கரையில் இரவு முழுவதும் நடந்து எண்ணியவர்களில் இவர்களும் உண்டு. ஆமையின் துடுப்பில் எண் பொறித்த சிறு தகடு மாட்டுவது, குழியின் இடத்தைக் குறிப்பது, முட்டையை எண்ணுவது எல்லாம் இவர்கள் கைக்குப் பழகிய வேலை.

2004 டிசம்பர் 26. அன்று என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நிக்கோபார் தீவுகளில் ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. கிரேட் நிக்கோபாரின் தென்முனையில் தரையே பல அடி தாழ்ந்தது. கலாத்தியா கரை கடலுக்குள் போனது. அங்கே ஆமை முகாமில் இருந்தவர்களில் சிலரும் திரும்பி வரவில்லை.

சுனாமிக்குப் பிறகு ஒரு கேள்வி எழுந்தது. இனி ஆமைகள் வருமா?

வந்தன. அலை ஆண்டுக்கணக்கில் மணலைக் கொண்டுவந்து போட்டது. புதிய கரை உண்டானது. ஆமைகள் அதைத் தேடி வந்து மீண்டும் குழி பறித்தன.

இப்போது ஒன்றை யோசியுங்கள். “மீண்டும் வந்தன” என்று எப்படிச் சொல்ல முடிகிறது? முன்பு எத்தனை வந்தன என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? சுனாமிக்கு முன் பல ஆண்டுகள் இரவில் தூங்காமல் எண்ணி எழுதியவர்கள் இருந்தார்கள். கரை போய்விட்டது. ஆனால் கணக்கு இருந்தது. அதனால் ஒப்பிட முடிந்தது.

எத்தனையோ கரைகளுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. சுனாமி அங்கே எதை அழித்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. “முன்பெல்லாம் நிறைய வரும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் நிறைய என்றால் பத்தா, நூறா?

சின்ன அந்தமானிலிருந்து ஆப்பிரிக்கா வரை

பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் தட்சிண் அறக்கட்டளையும் வனத்துறையின் அனுமதியோடு சின்ன அந்தமானில் ஏழுவரி ஆமைகளைக் கவனித்து வருகின்றன. அங்கேயும் கரையில் நடப்பவர்களில் தீவுக்காரர்கள் உண்டு. 2011 முதல் 2014 வரை பத்து ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவியைப் பொருத்தினார்கள்.

சில ஆமைகள் தென்கிழக்கே போயின. சுமத்ரா, ஜாவா பக்கமாக இறங்கி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை நோக்கி நீந்தின. வேறு சில தென்மேற்கே போயின. ஒன்று 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி ஆப்பிரிக்காவின் பக்கம் போய்ச் சேர்ந்தது.

நம் கரையில் பிறக்கும் ஆமை இத்தனை நாடுகளின் கடலில் வாழ்கிறது. ஆனால் முட்டையிட மணலுக்குத்தான் வர வேண்டும். அதை அருகில் நின்று பார்க்கவும் எண்ணவும் முடிகிற இடம் இந்தக் கரைதான். அதனால்தான் கரையில் இருப்பவரின் நோட்டுக்கு இவ்வளவு மதிப்பு.

கூடு எடுத்தவர்களே காவலர் ஆனார்கள்

இன்னொரு செய்தி. இது பறவையைப் பற்றியது.

குகைக்குள் எச்சிலால் கூடு கட்டும் உழவாரன் குருவியை இங்கே பலருக்குத் தெரியும். ஹவாபில் என்று சொல்வார்கள். அந்தக் கூட்டைச் சூப்பு வைத்துக் குடிப்பதற்காக வெளிநாட்டில் பெரிய விலை கொடுப்பார்கள். அதனால் முட்டையோடும் குஞ்சோடும் கூட்டைப் பிய்த்து எடுத்தார்கள். குருவி வேகமாகக் குறைந்தது. கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் குகை குகையாகப் போய் எண்ணி இதைக் கண்டுபிடித்தார்.

அவர் கூடு எடுப்பவர்களை விரட்டச் சொல்லவில்லை. அவர்களிடமே போய்ப் பேசினார். எந்தக் குகையில் எந்தப் பொந்தில் கூடு இருக்கும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்? வனத்துறையோடு சேர்ந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வட அந்தமானில் சாலீஸ் ஏக் என்ற இடத்துக் குகைகளில் அவர்களையே காவலர்களாக வைத்தார்கள். அவர்கள் கூடுகளைக் காத்தார்கள். எண்ணினார்கள். எத்தனை குஞ்சு பறந்தது என்று குறித்தார்கள். காவல் இருந்த குகைகளில் குருவி பெருகியது. ரவி சங்கரன் 2009இல் மறைந்தார்.

முன்பு தவறு செய்தவரிடமும் அறிவு இருக்கிறது. அந்த அறிவை மதித்துக் கேட்டால் அவர் காவலர் ஆகிறார்.

உலகத்தில் எங்கெங்கே?

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டு வேட்டையாடும் வழக்கம் இருந்தது. 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்பவர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்றார். அன்று எண்ணியவர்கள் 27 பேர். இன்று பல நாடுகளில் பல்லாயிரம் பேர் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேலான கணக்கு கையில் இருக்கிறது.

இந்தியாவில் 2013 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்று எண்ணினால் போதும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணுகிறார்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் சேர்ந்து ஆமைக்காக இரவில் நடக்கிறார்கள். நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை கரையில் தேடி, முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

நம் தீவுகளின் மாநில விலங்கு கடல்பசு. ஆவுளியா என்று தமிழ்நாட்டு மீனவர்கள் சொல்வார்கள். அதைக் காக்கும் திட்டத்தில் தமிழ்நாடு, குஜராத், அந்தமான் மூன்று இடத்திலும் மீனவர்களின் கண்ணைத்தான் நம்புகிறார்கள். படகிலிருந்து கடல்பசுவைப் பார்த்தவர் நாளையும் இடத்தையும் சொல்கிறார். அந்தச் செய்திகள் சேர்ந்து, கடல்பசு எங்கே மேய்கிறது என்ற வரைபடம் ஆகின்றன.

எதை எழுதுவது? எப்படி எழுதுவது?

ஐந்து செய்தி போதும்.

முதலாவது, நாள். இரண்டாவது, நேரம். மூன்றாவது, இடம். நான்காவது, என்ன பார்த்தது, எத்தனை. ஐந்தாவது, பார்த்தவர் பெயர்.

ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

“ஜனவரி 12. காலை 5 மணி முதல் 6 மணி வரை. ஜெட்டியிலிருந்து ஓடை வாய் வரை நடந்தது. தடம் 2. ஒன்று முக்கால் மீட்டர், குறி மாறி மாறி இருக்கிறது. குழி உண்டு. இன்னொன்று அதே அகலம். முட்டையிடாமல் திரும்பியிருக்கிறது. நாய்க் கால் தடம் குழியின் பக்கத்தில்.”

இவ்வளவுதான். நான்கைந்து வரி. ஆனால் சில விதிகள் உண்டு.

விதி ஒன்று. ஆமை ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேர்ந்து ஒரு கணக்கு. இரண்டு என்று எழுதக் கூடாது.

விதி இரண்டு. எண்ணி முடித்ததும் தடத்தின் குறுக்கே குச்சியால் ஒரு கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் நாளை வருகிறவர் அதையே மறுபடி எண்ணுவார்.

விதி மூன்று. ஒன்றும் இல்லாத நாளையும் எழுத வேண்டும். “ஜனவரி 13. நடந்தது. தடம் இல்லை. 0.” பலர் இதை விட்டுவிடுவார்கள். சுழியம் எழுதுவது வீண் வேலை என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. பத்துத் தடம் என்று நோட்டில் இருக்கிறது. பத்து நாள் நடந்து பார்த்ததா? முப்பது நாள் நடந்து பார்த்ததா? சுழியத்தை எழுதினால்தான் இது தெரியும்.

விதி நான்கு. நடக்காத நாளில் கணக்கு எழுதக் கூடாது. உடம்பு சரியில்லை என்றால், “போகவில்லை” என்று எழுதினால் போதும். நேற்று இரண்டு இருந்தது, இன்றும் இரண்டு இருக்கும் என்று போடக் கூடாது. அப்படி ஒரு வரி கலந்தால் முழு நோட்டின் மேலும் சந்தேகம் வரும்.

விதி ஐந்து. தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். தடம் பாதி அழிந்திருக்கிறது, வகை புரியவில்லை. அப்போது “வகை தெரியவில்லை” என்று எழுதுவதில் வெட்கம் இல்லை.

விதி ஆறு. ஆமையைத் தொடாதீர்கள். முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். குழியைத் தோண்டாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆமையையோ முட்டையையோ எடுப்பது குற்றம். முட்டையை இடம் மாற்ற வேண்டுமானால் அதை வனத்துறை செய்யும். பழங்குடி மக்களின் ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் கணக்கெடுக்க என்று சொல்லியும் போகக் கூடாது. அவரவர் ஊர்க் கரையே போதும்.

சில கேள்விகள்

“எழுத்து இப்போதுதான் பழகுகிறது. பிழை வருமே?” என்று கேட்பவர் உண்டு. பிழை வரட்டும். ஆமைக்கு எந்த ‘மை’ என்பதில் தவறு வந்தாலும் எண் சரியாக இருந்தால் போதும். எழுத வராதவர் கோடு போடலாம். ஒரு தடத்துக்கு ஒரு கோடு. வீட்டுப் பிள்ளை பிறகு அதை எழுத்தில் எழுதித் தரும். செல்போன் இருந்தால் பக்கத்தில் ஒரு கயிறோ செருப்போ வைத்து ஒரு படம் எடுக்கலாம். அகலம் தெரியும்.

“யாரிடம் கொடுப்பது?” வனத்துறையின் ரேஞ்ச் அலுவலகத்தில் கொடுக்கலாம். ராம்நகர், காளிப்பூர், கர்மாடாங், கத்பர்ட் பே போன்ற கரைகளில் பருவத்தில் வனத்துறையின் ஆமைக் காப்பகம் நடக்கும். அங்கே கொடுக்கலாம். வண்டூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பலாம். ஒரு நகலை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்திலோ, எழுத்தறிவு மையத்திலோ இருக்கட்டும்.

“ஒரு வருடம் எழுதினால் போதுமா?” போதாது. ஒரே ஆமை ஒரு பருவத்தில் பல தடவை வந்து முட்டையிடும். பிறகு இரண்டு மூன்று வருடம் வராமலும் இருக்கும். அதனால் ஒரு வருடம் குறைந்தால் அழிந்துவிட்டது என்றோ, ஒரு வருடம் கூடினால் பெருகிவிட்டது என்றோ சொல்ல முடியாது. பத்து வருடக் கணக்கு இருந்தால் சொல்லலாம். தொடங்கியவரால் முடியாவிட்டால் அவர் மகளோ மகனோ தொடரலாம். நோட்டு ஒன்றுதான்.

“கூலி கிடைக்குமா? பேரும் புகழும் யாருக்கோ போகுமா?” இதுவும் நியாயமான கேள்விதான். இரவெல்லாம் விழித்து நடக்கிற வேலைக்கு ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். தன் ஊர்க் கரையில் தானாக விரும்பி எழுதுவது வேறு. ஆனாலும் கணக்கைக் கொடுத்தவர் இரண்டு விஷயம் கேட்கலாம். இந்தக் கணக்கிலிருந்து என்ன தெரிந்தது என்று தமிழிலோ இந்தியிலோ வந்து சொல்லுங்கள் என்று கேட்கலாம். எழுதியவர் பெயரைப் போடுங்கள் என்றும் கேட்கலாம். அதற்காகத்தான் ஐந்தாவது செய்தியாகப் பெயரை வைத்திருக்கிறது.

கணக்கு எப்போது பேசும்?

கலாத்தியாவுக்குத் திரும்புவோம். அங்கே பெரிய துறைமுகம் கட்டுவதற்குத் திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் கலாத்தியா விரிகுடாவின் சரணாலய அந்தஸ்து நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. துறைமுகம் வந்தால் வேலையும் வணிகமும் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆமைக்கும் காட்டுக்கும் அங்குள்ள பழங்குடி மக்களுக்கும் கேடு வரும் என்று சிலர் சொல்கிறார்கள். வழக்குகளும் நடந்தன.

இந்த வாதத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கரைக்கு எத்தனை ஆமை வருகிறது என்ற பேச்சு வந்தால், இரண்டு பக்கமும் கரையில் நடந்தவர்களின் எண்ணிக்கையைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, கொசுக்கடியில், டார்ச் வெளிச்சத்தில், ஒருவர் ஒரு எண்ணை எழுதினார். அது நீதிமன்றம் வரைக்கும் போகும் என்று அன்றைக்கு அவர் நினைத்திருப்பாரா?

நாளைக்கு இன்னொரு ஊரில் கரையில் மணல் அள்ள வரலாம். விடுதி கட்ட வரலாம். அப்போது ஊர்க்காரர் “இங்கே ஆமை வரும் ஐயா” என்பார். “எத்தனை? எப்போது? ஆதாரம் என்ன?” என்று கேட்பார்கள். வாய்ப் பேச்சு காற்றோடு போகும். பத்து வருட நோட்டை மேசையில் வைத்தால் அதைப் புரட்டித்தான் ஆக வேண்டும். நோட்டு இருந்தால் வெற்றி நிச்சயம் என்று சொல்ல முடியாது. நோட்டு இல்லாவிட்டால் பேசவே இடம் இல்லை.

எழுத்து எதற்கு?

எழுதப் படிக்கத் தெரிந்தால் பஸ் பெயர் படிக்கலாம், கையெழுத்துப் போடலாம், ரேஷன் கார்டு பார்க்கலாம் என்று சொல்லித் தருகிறோம். எல்லாம் சரிதான். அதற்கு மேலும் ஒன்று உண்டு. இதுவரை மற்றவர் எழுதியதைப் படித்தவர், இனி மற்றவர் படிப்பதற்கு எழுதலாம். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை உலகத்துக்குச் சொல்லலாம்.

கடலோரம் இல்லாதவரும் எழுதலாம். வீட்டு மாமரம் எந்த நாளில் பூத்தது? கிணற்றில் எத்தனை கை ஆழத்தில் தண்ணீர்? முதல் மழை என்றைக்கு? படகிலிருந்து பார்த்த பவளப்பாறை எப்போது வெளுத்துக் கிடந்தது? 2010இல் நம் கடலில் பவளப்பாறைகள் வெளுத்ததைப் படகோட்டிகள் பலர் பார்த்தார்கள். நாள் குறித்தவர் எத்தனை பேர்?

இந்த மையத்தில் இருப்பவர்கள் நாளைக்கே தொடங்கலாம். ஒரு நோட்டு. ஒரு பென்சில். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை கரையும். ஒரு பிளாஸ்டிக் உறை. கரைக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர் ஆளுக்கு ஒரு நாள் முறை போட்டுக்கொள்ளலாம். காலையில் ஒரு மணி நேரம் நடை. தடம் இருந்தால் அளவு. இல்லாவிட்டால் சுழியம்.

ஆமைக்குத் தன் குஞ்சைப் பார்க்கும் பாக்கியம் இல்லை. மணலில் முட்டையை வைத்து, மூடிவிட்டுப் போகிறது. ஐம்பது, அறுபது நாள் கழித்துக் குஞ்சுகள் வரும்போது தாய் எங்கோ நடுக்கடலில் இருக்கும். அந்த நாட்களில் அந்த மணலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான். பாருங்கள். எண்ணுங்கள். எழுதி வையுங்கள்.